சாக்கடைக் கசடு எருவாகும் முன் ஒரு பக்குவம்

நகரங்களை ஒட்டிய கிராமங்களுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடு லாரியில் வருவதுண்டு. பெரும்பாலும் விலை கேட்பதில்லை. தொழு உரம் என்ன விலை விற்கிறது என்பது விவசாயிகள் அறிந்ததே. ஆகவே இலவசமாக வரும் கறுப்பு எருவைக் கண்டதும் "கொட்டிவிட்டுப் போ" என்று சொல்லத் தோன்றுவது இயல்பு. கொட்டச் சொல்லும் முன் லாரிக்காரரிடமும் நிலையத்தாரிடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இந்தக் கசடு செரிப்புத் தொட்டியில் செரித்ததா, இல்லையா? செரிக்கும் முன்போ பின்போ அதைச் சூடாக்கிப் பக்குவம் செய்தார்களா? இவற்றுக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே அது எருவா, வினையா என்பது தெரியும். அந்தப் பதிலைப் புரிந்துகொள்வதற்குக் கசடு எப்படி உண்டாகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

இருவகைக் கசடு

சாக்கடை நீர் நிலையத்துக்குள் வந்ததும் பெரிய தொட்டியில் சில மணி நேரம் அசையாமல் நிறுத்தப்படுகிறது. கனமானவை அடியில் படிகின்றன. இது முதல் கசடு. மலம், உணவுத் துணுக்கு, காகிதம், கொழுப்பு எல்லாம் இதில் அடங்கும்.

மேலே தெளிந்து ஓடும் நீரிலும் கரைந்த அழுக்கு நிறைய உண்டு. அதை அடுத்த தொட்டியில் விட்டுக் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால், நீரிலுள்ள பாக்டீரியாக்கள் அந்த அழுக்கைத் தின்று பல்கிப் பெருகும். பிறகு அவை கூட்டம் கூட்டமாகத் திரண்டு அடியில் படியும். 1914ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் கண்டுசொன்ன முறை இது. இன்று உலகெங்கும் பெரிய நகரங்களில் கையாளப்படுகிறது. இவ்வாறு படிவது இரண்டாம் கசடு. இதில் பெரும்பகுதி அழுக்கைத் தின்று கொழுத்த பாக்டீரியாக்களின் உடல்களே. நமது விஷயம் இந்த இரண்டாம் கசட்டைப் பற்றியதுதான்.

சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்களுக்கு அடுத்த கட்டம் எளிதில் விளங்கும். இரு கசடுகளையும் சேர்த்துக் காற்றுப் புகாத பெருந்தொட்டியில் அடைத்து, ஏறத்தாழ 35 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் 20 நாளுக்குக் குறையாமல் வைப்பார்கள். காற்று வேண்டாத வேறு வகை பாக்டீரியாக்கள் அதைச் செரித்து எரிவாயுவை வெளிவிடும். அதில் ஐந்தில் மூன்று பங்கு, அல்லது சற்று அதிகமாகவே, எரியும் மீதேன் இருக்கும். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் இந்த வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் இயந்திரங்கள் நிறுவப்பட்டன. செரித்து முடிந்து எஞ்சுவதே உலர்த்தப்பட்டு வெளியே வருகிறது.

செரிக்காத ஓடு

தொட்டிக்குள் நடப்பது ஒரே வேலையன்று. முதலில் பெரிய பொருள்கள் நீரில் கரையும் சிறு பொருள்களாக உடைய வேண்டும். பிறகு அவை மாவு புளிப்பதுபோலப் புளித்து அமிலமாக வேண்டும். கடைசியில் அந்த அமிலம் வாயுவாக வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி பாக்டீரியாக் கூட்டம் உண்டு. முதல் கசட்டில் இந்த வேலை தடையின்றி நடக்கும். இரண்டாம் கசட்டில்தான் தொல்லை. செரிக்கப்பட வேண்டியதும் ஒரு பாக்டீரியா அல்லவா? அதற்கு உறுதியான சுவர் உண்டு. சுவரைச் சுற்றி வழுவழுப்பான பசை வேறு. உள்ளே இருக்கும் சத்து தொட்டியிலுள்ள மற்ற பாக்டீரியாக்களுக்கு எட்டுவதில்லை. முதல் வேலையான உடைத்தலிலேயே நாள்கள் கழிந்துவிடுகின்றன. 20, 25 நாள் கிடந்தும் இரண்டாம் கசட்டின் அங்ககப் பொருளில் பாதிகூடச் செரிப்பதில்லை என்பது வழக்கமான அனுபவம்.

பருத்திக்கொட்டையை அப்படியே மாட்டுக்கு வைத்தால் ஒரு பங்கு முழுசாகவே சாணத்தில் வந்து விழும். ஊறவைத்து ஆட்டி வைத்தால் அதே கொட்டை பாலாக மாறும். கொட்டை ஒன்றுதான், ஓடு உடைந்ததா என்பதே வித்தியாசம். கசட்டுக்கும் இதே வித்தையைச் செய்வதைத்தான் முன்பக்குவம் என்கிறார்கள். செரிப்புத் தொட்டிக்குள் விடும் முன் பாக்டீரியாவின் சுவரை உடைத்துவிட வேண்டும்.

ஆவியில் வேகவைக்கும் முறை

சுவரை உடைக்கப் பல வழிகள் உண்டு. சோடா உப்பு போன்ற காரம் சேர்க்கலாம். காதுக்குக் கேளாத ஒலி அலைகளைப் பாய்ச்சலாம். ஆலையில் அரைக்கலாம். ஓசோன் வாயுவைச் செலுத்தலாம். ஒலி அலை முறை ஆய்வுக்கூடத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் மின்சாரத்தை விழுங்கும். கூடுதலாகக் கிடைக்கும் வாயுவின் மதிப்பு மின்கட்டணத்துக்கே போய்விட்டால் என்ன பயன்? காரம் சேர்த்தால் அதன் உப்பு கசட்டோடு நிலத்துக்கு வந்து சேரும். உவர் நிலத்தோடு ஏற்கெனவே போராடும் விவசாயிக்கு இது வேண்டாத விருந்தாளி.

பெரிய நிலையங்களில் நிலைத்து நின்றது ஆவியில் வேகவைக்கும் முறையே. கசட்டை முதலில் பிழிந்து கெட்டியாக்குவார்கள். பிறகு உறுதியான இரும்புக் கொப்பரையில் அடைத்து நீராவியைச் செலுத்தி, ஏறத்தாழ 165 டிகிரி வெப்பத்தில் 20 முதல் 30 நிமிடம் வைப்பார்கள். நம் வீட்டு பிரஷர் குக்கரில் வெப்பம் 120 டிகிரி அளவுக்குத்தான் ஏறும். இங்கே அழுத்தம் அதைவிடப் பல மடங்கு. வெந்ததும் அழுத்தத்தைத் திடீரெனத் திறந்துவிடுவார்கள். உள்ளிருக்கும் நீர் ஒரே கணத்தில் ஆவியாகப் பொங்க, பாக்டீரியாச் சுவர்கள் பொரி பொரிவதுபோல் வெடித்துப் போகும். கொழகொழவென்று இருந்த கசடு நீர்த்த கஞ்சிபோல் ஆகிவிடும். அதை ஆறவைத்துச் செரிப்புத் தொட்டியில் விட வேண்டும். கொப்பரைக்கு வேண்டிய நீராவியை அந்தத் தொட்டி தரும் வாயுவைக் கொண்டே தயாரித்துக்கொள்ளலாம் என்பது இம்முறையின் சிறப்பு.

நார்வே நாட்டின் ஹாமார் நகரில் 1995ஆம் ஆண்டில் இந்த முறை பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் புளூ பிளெயின்ஸ் நிலையத்தில் 2015இல் தொடங்கினார்கள். அங்கே ஒவ்வொன்றும் 80 அடி உயரமுள்ள நான்கு செரிப்புத் தொட்டிகள் உள்ளன. அதற்கு முன் அந்த நிலையத்தில் செரிக்கவைப்பதே கிடையாது. கசட்டில் சுண்ணாம்பைக் கலந்து லாரி லாரியாக வெளியூர் வயல்களுக்கு அனுப்பி வந்தார்கள். புது ஏற்பாட்டுக்குப் பின் வெளியே போகும் கசடு பாதிக்கும் கீழே குறைந்தது. சுமார் 10 மெகாவாட் மின்சாரமும் கிடைக்கிறது. எஞ்சும் எருவுக்கு 'புளூம்' என்று பெயரிட்டு விவசாயிகளுக்கும் தோட்டக்காரர்களுக்கும் விற்கிறார்கள். கொண்டுபோய்க் கொட்டக் காசு கொடுத்த பொருளைக் காசு வாங்கி விற்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போனால் இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. வெல்லப்பாகு பதம் தாண்டினால் கசந்து கருகிப் போவதுபோல, 180 டிகிரிக்கு மேல் போகப் போகக் கசட்டிலுள்ள சர்க்கரைப் பொருளும் புரதமும் ஒன்றோடொன்று பிணைந்து கரும்பழுப்பு நிறப் பொருளாகின்றன. அதை எந்த பாக்டீரியாவும் எளிதில் தொடாது. சமையலில் போலவே இங்கும் பதம்தான் முக்கியம்.

இந்தப் பாடத்தில் ஒரு பகுதி நம் தொழுவத்துக்கும் பொருந்தும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்து மாட்டுக்குக் கொடுக்கும் முறையைப் பலர் அறிவார்கள். யூரியாவிலிருந்து வரும் அமோனியா வைக்கோலின் கட்டை இளக்குகிறது. அதுவும் ஒரு முன்பக்குவமே. சாண எரிவாயுக் கலனில் முழு வைக்கோலைப் போட்டால் அது மிதந்து ஆடை கட்டி வாயுவை அடைக்கும். வைக்கோலோ தழையோ சேர்க்க விரும்பினால் விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, சாணக் கரைசலில் ஒரு வாரம் ஊறப்போட்டுச் சிறிது சிறிதாகவே விட வேண்டும். சாணத்தையும் கட்டியில்லாமல், சம அளவு தண்ணீர் விட்டுக் கரைத்த பின்பே ஊற்ற வேண்டும். மார்கழிக் குளிரில் வெயிலில் வைத்த தண்ணீரில் கரைத்தால் வாயு குறைவது ஓரளவு தணியும்.

விவசாயிக்கு என்ன லாபம்?

கூடுதல் வாயு நிலையத்துக்குப் போகும் லாபம். வயலுக்கு வரும் லாபம் மூன்று.

முதலாவது, கிருமி. வேகவைத்த கசட்டில் வயிற்றுப்போக்குக் கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் உயிரோடு இருப்பதில்லை. நாக்குப்பூச்சி எனப்படும் உருண்டைப் புழுவின் முட்டை சாமானியமானதன்று. ஈர மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரண 35 டிகிரித் தொட்டியில் 20 நாள் கிடந்தாலும் எல்லா முட்டையும் சாவதில்லை. ஆகவே "செரித்த கசடுதான்" என்று ஒருவர் சொன்னால் அது பாதி உறுதிமொழியே. வரப்பில் விளையாடும் குழந்தையின் வயிற்றுக்குள் போகக்கூடிய பொருள் இது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, வண்டி வாடகை. சாதாரணமாகச் செரித்துப் பிழிந்த கசட்டில் 100க்கு 20 முதல் 25 பங்குதான் திடப்பொருள். 5 டன் ஏற்றி வந்தால் 4 டன் தண்ணீருக்கு வாடகை கொடுத்ததாகிவிடும். முன்பக்குவம் செய்த கசட்டில் நீர் எளிதில் பிழிபடும். திடம் 30 பங்குக்கு ஏறும். அப்போது அதே ஒரு டன் திடப்பொருளை 3.3 டன் பாரத்தில் கொண்டுவந்துவிடலாம்.

மூன்றாவது, வாடை. நன்கு செரித்துவிட்டதால் வயலில் இட்ட பிறகு அழுகல் நாற்றமும் ஈயும் குறைவு.

உரச்சத்தைப் பொறுத்தவரை, செரித்த கசட்டின் உலர் எடையில் தழைச்சத்து 100க்கு 3 முதல் 5 பங்கு வரை இருக்கலாம். தொழு உரத்தில் அரைப் பங்குதான். ஆனால் தழைச்சத்து முழுவதும் முதல் போகத்துக்கே கிடைத்துவிடும் என்று கணக்குப் போடக்கூடாது. ஒரு பகுதியே உடனே கிடைக்கும். மீதி மெல்லக் கரையும். மணிச்சத்து நல்ல அளவில் உண்டு. சாம்பல்சத்து மட்டும் மிகக் குறைவு. அது நீரில் கரைந்து கழிவுநீரோடு போய்விடுகிறது. வாழை, கரும்பு, மரவள்ளி போன்ற பயிர்களுக்குக் கசட்டை நம்பிப் பொட்டாஷைக் குறைத்தால் விளைச்சல் காட்டிக்கொடுத்துவிடும்.

வேகவைத்தாலும் போகாதவை

இனி வருவதுதான் முக்கியம். கிருமி வெந்து சாகும், உலோகம் வேகாது. தோல் பதனிடும் தொழிலிலிருந்து குரோமியமும், மின்முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து நிக்கல், காட்மியம் போன்றவையும் சாக்கடையில் கலந்தால் கடைசியில் கசட்டில்தான் தங்கும். செரிப்பு எவ்வளவு நன்றாக நடக்கிறதோ, அவ்வளவுக்கு உலோகத்தின் விகிதம் ஏறும். இதை ஒரு கணக்கால் பார்க்கலாம். 100 கிலோ உலர் கசட்டில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் வீதம் மொத்தம் 400 மில்லிகிராம் காட்மியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். செரிப்பில் 40 கிலோ வாயுவாகப் போய்விட்டது. எஞ்சிய 60 கிலோவில் அதே 400 மில்லிகிராம் அப்படியே இருக்கும். இப்போது கிலோவுக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம். நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்டுக்கு அனுமதிக்கும் காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராம்தான். உள்ளே போகும்போது வரம்புக்குள் இருந்த கசடு வெளியே வரும்போது வரம்பைத் தாண்டிவிட்டது. நிலையத்தாரின் மீது தவறு ஏதுமில்லை. நன்றாக வேலை செய்ததன் பலனே இது. ஆகவே உள்ளே போகும் கசட்டின் பரிசோதனைத் தாளைக் காட்டினால் போதாது. வெளியே வந்த எருவின் தாளைக் கேட்டு வாங்க வேண்டும்.

அந்த ஆணையின் மற்ற வரம்புகளையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்: கிலோவுக்கு ஈயம் 100, நிக்கல் 50, குரோமியம் 50, துத்தநாகம் 1000 மில்லிகிராம். இவை நகரக் கம்போஸ்டுக்கு விதிக்கப்பட்டவை. கசட்டையும் இதே அளவுகோலால் அளந்து பார்ப்பது விவசாயிக்கு நல்லது. நிலத்தில் சேர்ந்த உலோகத்தை மழை கழுவிப் போகாது, உழவு போக்காது. அமில மண்ணில் பயிர் அதை அதிகமாக உறிஞ்சும். கீரை வகைகள் காட்மியத்தை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். தோல் கழிவு நீர் நிலத்தையும் கிணற்றையும் என்ன செய்யும் என்பதைப் பாலாற்றுப் படுகை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று 1996இல் தீர்ப்பானது.

அண்மையில் இன்னொரு பயமும் சேர்ந்துள்ளது. ஒட்டாத பாத்திரப் பூச்சு, நீர் ஒட்டாத துணி முதலியவற்றில் சேர்க்கும் 'பி.எப்.ஏ.எஸ்.' என்ற ரசாயனங்கள் எளிதில் சிதைவதில்லை. 165 டிகிரி அவற்றுக்கு ஒரு பொருட்டேயன்று. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பல ஆண்டுகள் கசடு இட்ட பண்ணைகளில் மண்ணிலும் தண்ணீரிலும் பாலிலும்கூட இவை காணப்பட்டன. 2022இல் அந்த மாநிலம் வயலில் கசடு இடுவதையே சட்டத்தால் தடுத்துவிட்டது. வாஷிங்டன் நகரத்தார் பெயர் வைத்து விற்க, அதே நாட்டின் இன்னொரு மாநிலம் தடை செய்கிறது. பெரும் பட்டறைகளும் ஆலைகளும் இல்லாத சிற்றூரின் கசடு, தொழில் நகரத்துக் கசட்டைவிட நம்பத்தக்கது என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

பக்குவம் செய்யாத கசடு வந்தால்

ஆவியில் வேகவைத்த கசடு எல்லா ஊரிலும் கிடைக்காது. வந்திருப்பது சாதாரணமாகச் செரித்ததாகவோ செரிக்காததாகவோ இருந்தால், உலோகப் பரிசோதனையில் தேறிய பிறகு, பக்குவத்தை நாமே செய்துகொள்ளலாம். கம்போஸ்ட் குவியலின் சூடுதான் நமது கொப்பரை.

கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவாக மேடான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கூடை கசட்டுக்கு இரண்டு மூன்று கூடை வீதம் நறுக்கிய வைக்கோல், சோளத்தட்டை, காய்ந்த சருகு கலந்து இடுப்பளவு உயரத்துக்கு நீளக் குவியலாகப் போட வேண்டும். காற்றோட்டம் இருந்தால் சில நாள்களில் உள்சூடு 55 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் 15 நாளுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். அதற்குள் ஐந்து முறையாவது புரட்டிப் போட வேண்டும். வெளிப்பக்கத்தில் இருப்பது உள்ளே போகாவிட்டால் அதிலுள்ள புழு முட்டை தப்பிவிடும். புரட்டுவதன் பயன் அதுவே. நீண்ட தண்டுள்ள வெப்பமானி ஒன்றைப் பலர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். அது இல்லாதபோது இரும்புக் கம்பியை நடுவில் செருகிக் கால் மணி நேரம் கழித்து எடுத்துத் தொட்டால், கை வைத்திருக்க முடியாத சூடு இருக்க வேண்டும். சூடு தணிந்த பின் இரண்டு மாதம் முதிரவிட்டு இடலாம்.

புரட்டுபவர்கள் கையுறையும் காலணியும் அணிந்து, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். செப்டிக் டேங்க் லாரியின் கழிவை நேரடியாக வயலில் திறந்துவிடுவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. கசடு கிடக்கும் குழிக்குள்ளோ தொட்டிக்குள்ளோ யாரையும் இறக்கவும் கூடாது. அங்கே தங்கும் நச்சு வாயு இரண்டு மூச்சில் ஆளை வீழ்த்தும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது குற்றமும் ஆகும்.

குவியலில் பக்குவப்பட்டதையும் முதலில் தென்னை, சவுக்கு, பூச்செடி, பருத்தி போன்றவற்றுக்கு இட்டுப் பார்ப்பதே முறை. பச்சையாகத் தின்னும் காய், கீரை, முள்ளங்கி, கேரட் பயிர்களுக்கு வேண்டாம். முழுமையாகக் கிருமி நீங்காத கசடு இட்ட நிலத்தில், மண்ணுக்கடியில் விளையும் உணவுப் பயிருக்கு அமெரிக்க விதிகள் 20 மாதம் முதல் 38 மாதம் வரை இடைவெளி கேட்கின்றன. மண்ணைத் தொட்டு விளையும் காய்க்கு 14 மாதம். மாடு மேய விடுவதற்கு 30 நாள்.

கசடு இடத் தீர்மானித்தவர்கள், முதல் லாரி வருவதற்கு முன்பே நிலத்து மண்ணை எடுத்து மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டும். கார அமில நிலை, உவர்த்தன்மை, உலோகங்கள் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேட்கவும். உலோகப் பரிசோதனை எல்லா நிலையத்திலும் இராது. எங்கே செய்வார்கள் என்பதை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஒவ்வொரு லாரியிலிருந்தும் பல இடங்களில் எடுத்துக் கலந்த ஒரு கிலோ எருவை உலர்த்தி, நாளும் நிலையத்தின் பெயரும் எழுதிய பையில் கட்டி வைக்கவும். எந்த வயலில் எத்தனை டன் இட்டோம் என்பதை நோட்டில் எழுதி வரவும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணை மறுபடி பார்த்து, உலோக அளவு ஏறியிருந்தால் அந்த நிலத்துக்கு அத்துடன் கசட்டை நிறுத்திவிட வேண்டும்.